இன்ஜின் போச்சா? அம்மாபேட்டை முதல் வேதாரண்யம் வரை ஒரு விசாரிப்பு

'எங்களிடம் 2004-ம் ஆண்டு மாருதி 800 கார் இருக்கிறது. அடிக்கடி சூடேறி நின்றுவிடுகிறது. இன்ஜின் போய்விட்டது, வேறு இன்ஜின் மாற்றிவிடுங்கள் என்கிறார் மெக்கானிக். பழுது பார்ப்பதா, மாற்றுவதா? சம்பா நெல் போட்ட பணம் வந்திருக்கிறது. அதில் நகையை மீட்பதா, வண்டிக்குப் போடுவதா?'

அம்மாபேட்டை பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது. அவருக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். வீட்டம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டயாலிசிஸ் நடக்கிறது. சிகிச்சை முடிந்த களைப்போடு பேருந்தில் நின்றுகொண்டு ஊர் திரும்ப முடியாது. அதனால் அந்தக் கார் அவர்களுக்கு ஆடம்பரம் கிடையாது.

நெல்லுக்கும் உளுந்துக்கும் பதில் எழுதுகிறவனிடம் காரைப் பற்றிக் கேட்கலாமா என்று சிலர் நினைக்கலாம். என் கணக்கில் இதுவும் விவசாயக் கேள்விதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நடவு வயல் மூழ்கினால், 'பயிர் போச்சு சார், உழுதுடலாமா?' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். உடனே உழச் சொல்லமாட்டோம். தண்ணீரை வடித்துவிட்டு, குருத்தைக் கிள்ளிப் பார்ப்போம். வெள்ளை வேர் விட்டிருக்கிறதா என்று பிடுங்கிப் பார்ப்போம். 20-க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட வயலில் ஒரு சதுர மீட்டருக்கு 33 குத்து இருக்க வேண்டும். எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணிய பிறகுதான் போக்கு நடவா, மறு நடவா என்று முடிவு. இன்ஜினுக்கும் அதே முறைதான்.

எனக்கு வேதாரண்யம் பக்கம் ஒரு வேலை இருந்தது. போகிற வழியில் அவரையும் வண்டியையும் பார்த்து, மன்னார்குடியில் எனக்குத் தெரிந்த பட்டறையில் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

சாலையில் நெல், ரேடியேட்டரில் பதர்

தஞ்சாவூரை விட்டுக் கிழக்கே நாகப்பட்டினம் சாலையில் சாலியமங்கலம் தாண்டினால் அம்மாபேட்டை. தை மாதக் கடைசியில் இந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பாதிச் சாலை நெல்தான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. களம் இல்லாதவர்கள் தார்ச்சாலையில்தான் காயவைக்கிறார்கள். அறுவடை இயந்திரம் ஓடுகிற வயல்களில் இருந்து தூசியும் பதரும் பறந்து வருகின்றன. இவ்வளவுக்கும் நடுவில்தான் நம் வண்டிகள் ஓடுகின்றன.

அவர் வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்ததும் முதலில் பட்டது ரேடியேட்டர்தான். கொசுவலை மாதிரி காற்று நுழைய வேண்டிய தகடுகள், சாணம் மெழுகிய சுவர் மாதிரி அடைத்துக்கிடந்தன. வைக்கோல் துணுக்கு, பதர், பூச்சி, அதன் மேல் மண். காற்று போகாவிட்டால் தண்ணீர் ஆறாது. தண்ணீர் ஆறாவிட்டால் அலுமினிய ஹெட் வளையும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் வெடிக்கும். அதாவது, நோய் இன்ஜினில் தெரிந்தாலும் ஆரம்பித்த இடம் வேறாக இருக்கலாம்.

இன்ஜின் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக, வேகம் குறைத்த தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினோம். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். வண்டிக்கு அடியில் சைலன்சரைச் சுற்றியிருந்த வைக்கோலையும் பிடுங்கினோம். சூடான சைலன்சரில் காய்ந்த வைக்கோல் சுற்றினால் தீப்பிடிக்கும். அறுவடைக் காலத்தில் வாரம் ஒரு முறை குனிந்து பாருங்கள்.

"நகைய மூட்டுடலாம்னு இருந்தேன் சார். வண்டி இல்லன்னா அவள எப்படிக் கூட்டிட்டுப் போறது?" என்றார் அவர். 'மன்னார்குடி போய்ப் பேசிக்கலாம் வாங்க' என்று கிளம்பினோம்.

நீடாமங்கலம் கேட்

டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடுவது என்று பேசிக்கொண்டோம். இழுவை குறைவாக இருந்தது. மேடு பள்ளம் இல்லாத டெல்டா சாலை என்பதால் ஓடியது. ஓடுகிறவரை முள் அசையவில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றோம். இங்கே கேட் மூடினால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நின்ற கொஞ்ச நேரத்தில் முள் ஏறியது. உடனே இன்ஜினை அணைத்தோம்.

காரணம் இதுதான். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது மின்விசிறி சுற்றியாக வேண்டும். தண்ணீர் குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் ஒரு சின்ன ஸ்விட்ச் அந்த விசிறியைப் போடும். இந்த வண்டியில் விசிறி சுற்றவே இல்லை. 'ஓடினா சரியா இருக்கு, நின்னா சூடாகுது' என்றால் முதலில் பார்க்க வேண்டியது விசிறி, அதன் ஸ்விட்ச், ஃபியூஸ். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில்தான் வெண்ணாற்றில் இருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ஆறு செத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. தலைப்பில் தொடங்கி ஒவ்வொரு ஷட்டராகப் பார்த்துக்கொண்டு போவோம். பட்டறையிலும் அப்படிப் பார்க்கிற ஆளைத்தான் தேட வேண்டும்.

மன்னார்குடி பட்டறையில் மூன்று சோதனை

மாருதி 800 முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1983 டிசம்பரில். உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். நம் நாட்டில் 25 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எளிமையான இன்ஜின் என்பதால் உதிரிபாகமும் வேலை தெரிந்த ஆளும் இன்றைக்கும் சின்ன ஊர்களில்கூடக் கிடைக்கிறார்கள். பழுது பார்ப்பதா என்று யோசிக்கவே இடம் இருப்பது அதனால்தான்.

மெக்கானிக் தம்பி முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே அப்படி இல்லை.

அடுத்தது புகையும் சத்தமும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் தண்ணீர் எரிகிறது. அடியில் இருந்து 'டக் டக்' என்று கனத்த தட்டல் கேட்டால் பேரிங் தேய்மானம். இந்த வண்டியில் லேசான வெள்ளைப் புகை மட்டும் இருந்தது. தட்டல் இல்லை.

மூன்றாவது, முக்கியமான சோதனை கம்ப்ரஷன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் அழுத்தமானி வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். முதல் சிலிண்டர் சரியாக இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தாழ்ந்திருந்தன. அவற்றில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தார். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் கோளாறு மேலே, அதாவது வால்வு அல்லது கேஸ்கட். இங்கே ஏறவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து தாழ்ந்திருந்தால், பெரும்பாலும் நடுவில் கேஸ்கட் வெடித்திருக்கும். 'கீழ் பாகம் நல்லா இருக்கு சார். ஹெட்டைக் கழட்டுனா போதும்' என்றார் தம்பி.

மூன்று விலை, ஒரு வகுத்தல்

மூன்று வேலைக்கும் தனித்தனியாகத் தாளில் எழுதி வாங்கச் சொன்னேன். ஒன்று, ஹெட் வேலை: கேஸ்கட், ஹெட் மட்டம் பிடித்தல், வால்வு உட்காரவைத்தல், டைமிங் பெல்ட், விசிறி ஸ்விட்ச். இரண்டு, முழு வேலை: லேத்தில் போரிங் போட்டு, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன், புது ரிங், பேரிங். மூன்று, வேறு வண்டியின் பழைய இன்ஜின்.

தொகை ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறையைக் காட்ட மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஹெட் வேலை 12,000, முழு வேலை 35,000, வேறு இன்ஜின் 40,000 ரூபாய். இதை வண்டி இன்னும் எத்தனை மாதம் ஓடலாம் என்பதால் வகுக்க வேண்டும். காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாக நீட்டிப்பார்கள். 2004 வண்டி 2019-லும் 2024-லும் புதுப்பிக்கப்பட்டது. இனி 2029 வரை, சுமார் 36 மாதம். ஹெட் வேலைக்கு மாதம் 333 ரூபாய். வேறு இன்ஜினுக்கு மாதம் 1,111 ரூபாய். மாதம் எட்டு, ஒன்பது தடவை தஞ்சாவூர் போய்வர வாடகை வண்டிக்கு ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டால், எது தாங்கும் என்று அவரவருக்கே தெரிந்துவிடும்.

2029-க்குப் பிறகும் ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காருக்கான மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி.

இன்ஜின் எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது

வேறு இன்ஜின் போடுவது தப்பில்லை. பிளாக் விரிசல் விட்டிருந்தால், கிராங்க் இனித் தீட்ட முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தால், போரிங் ஏற்கெனவே கடைசி அளவுக்கு வந்திருந்தால் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால், ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் எண்ணோடு இன்ஜின் எண்ணும் பதிவாகியிருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, மாற்றுவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். புது எண்ணைப் பதியவும் வேண்டும். அதே ரக இன்ஜினாக இருக்க வேண்டும். 'டீசல் இன்ஜின் போட்டா மைலேஜ் வரும்' என்ற பேச்சுக்கெல்லாம் காது கொடுக்காதீர்கள்.

பழைய இன்ஜின் வாங்கினால் பில், அது எந்த வண்டியில் இருந்து வந்தது என்பதற்கான தாள், இரண்டும் கையில் இருக்க வேண்டும். திருட்டு வண்டி இன்ஜினாக இருந்தால் வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும். எண் மாறிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல். வாங்கும் முன் அந்த இன்ஜினுக்கும் கம்ப்ரஷன் பாருங்கள். நம் வீட்டு இன்ஜினின் நோய் நமக்குத் தெரியும். வெளியில் இருந்து வருவதன் நோய் தெரியாது.

அவர் ஹெட் வேலை போதும் என்று முடிவு செய்து வண்டியை அங்கேயே விட்டார். நான் பேருந்து ஏறினேன்.

மழைநீரும் உப்புக்காற்றும்

திருத்துறைப்பூண்டி, நெல் ஜெயராமன் பாரம்பர்ய நெல் திருவிழா நடத்திய ஊர். மடுமுழுங்கி போன்ற ரகங்கள் வெள்ளத்தில் நின்று தாங்கும். இன்ஜின் தாங்காது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்த பகுதி இது. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் இங்கே வண்டிகள் தண்ணீரில் நிற்கின்றன. மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது; கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பிளக்குகளை எடுத்து, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழுது பார்த்தால் போதும் என்றிருக்கிற இன்ஜினை மாற்றியே ஆக வேண்டிய நிலைக்குக் கொண்டுபோவது அந்த ஒரு திருப்பல்தான்.

வேதாரண்யத்தில், 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய மண்ணில், இன்றும் உப்பளங்கள் வெள்ளையாக விரிந்து கிடக்கின்றன. இங்கே வண்டியின் ஆயுளை இன்ஜின் முடிவு செய்வதில்லை, உப்புக்காற்றுதான் முடிவு செய்கிறது. கடலோரத்துக்காரர்கள் இன்ஜினுக்குப் பணம் போடும் முன் மிதியடியைத் தூக்கி, தரைத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த வண்டிக்கு எந்த இன்ஜினும் வேண்டாம். உவர்ப்பான போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். அது ஹெட்டை அரிக்கும். கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர்தான் சரி.

மூன்றாம் நாள் அவரிடம் இருந்து போன் வந்தது. ஹெட் வேலை முடிந்து, நீடாமங்கலம் கேட்டில் நின்றும் முள் பாதியிலேயே இருந்ததாம். மிச்சப் பணத்தில் ஒரு செயினை மீட்டுவிட்டார். வளையல் குறுவைக்குப் பிறகு.

பட்டறையில் 'மாத்திடுங்க' என்றால் கேட்க வேண்டியவை

1. கம்ப்ரஷன் பார்த்தீர்களா? ஒவ்வொரு சிலிண்டருக்கும் என்ன அளவு?
2. ஆயில் விட்டுப் பார்த்தபோது அழுத்தம் ஏறியதா?
3. ரேடியேட்டர், விசிறி, ஸ்விட்ச் சரியாக இருக்கின்றனவா?
4. ஹெட் வேலை, முழு வேலை, மாற்று இன்ஜின், மூன்றுக்கும் எழுத்தில் விலை தருவீர்களா?
5. ஆர்.சி. எத்தனை மாதத்துக்குச் செல்லும்? தரைத் தகடு அதுவரை தாங்குமா?
6. மாற்று இன்ஜினுக்கு பில்லும் எண்ணும் உண்டா?

முதல் கேள்விக்கே பதில் வராவிட்டால், வண்டியை அடுத்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.