கச்சான் காசு

திருவிழாக்களைப் பற்றிப் பேசும் பெரியோர் கொடியேற்றத்தையும் தேரையும் தீர்த்தத்தையும் முறைப்படி எடுத்துரைப்பர். பிள்ளைகளைக் கேட்டாலோ, அவர்கள் கச்சான் கடையையே முதலிற் சொல்வர். தமிழகத்தார் வேர்க்கடலை, நிலக்கடலை என்று வழங்குவதையே ஈழத்தார் கச்சான் என்பர். வன்னிக்கு இது வந்து சேர்ந்த பண்டம் மட்டுமன்று. முல்லைத்தீவு மாவட்டத்தின் மேட்டுநிலங்களில் விளையும் பயிருமாகும். வைகாசி விசாகத்தை ஒட்டி வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குத் திரளும் கூட்டத்தின் ஓரத்திலே கச்சான் கடைகள் வரிசையிட்டிருக்கும். ஏ-9 நெடுஞ்சாலையில், மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவர்களில் கச்சான் வாங்காமல் வாகனம் ஏறுவோர் சிலரே. துணுக்காயின் ஊர்க்கோயில்களிலும் இதே காட்சிதான். திருவிழாவுக்குப் புறப்படும் பிள்ளையின் கையிற் பெரியோர் வைக்கும் சில்லறைக்குக் 'கச்சான் காசு' என்றே பெயர். வீட்டிலே தங்கிவிட்ட முதியவருக்கும் நோயாளிக்கும் கோயிலாலே கொண்டுவரும் பொதியும் கச்சானேயாகும். ஆகவே, ஒருவரை ஒருவர் நினைத்துக்கொண்டதற்கு அடையாளமாக அது வழங்கி வந்திருக்கிறது.

அந்த அடையாளத்தை ஏற்க இயலாத பிள்ளையொன்று திருவிழாவுக்கு வந்தால் என் செய்வது? இவ்வினா இன்று துணுக்காயிலே வெறுங் கற்பனையன்று. 2008 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த இப்பகுதி மக்கள் 2009 இன் இறுதியில் தொடங்கிய மீள்குடியேற்றத்தின்போது படிப்படியாகத் திரும்பினர். அவர்தம் உறவினர் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வேரூன்றியவர்கள். அங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் விடுமுறையிலே ஊருக்கு வருகின்றனர். அவர்களிற் சிலர் கச்சானும் மரமுந்திரிகைப் பருப்பும் ஒவ்வாதவர்கள். ஊரிலே வளரும் பிள்ளைகளுள்ளும் அத்தகையோர் இருத்தல் கூடும்; பெயரறியாது 'செமியாக்குணம்' என்று விடப்படுவதும் உண்டு.

ஒவ்வாமையைச் செமியாக்குணமாகக் கொள்வது பெருந்தவறு. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றல், தீங்கற்ற உணவுப் புரதம் ஒன்றைப் பகையென்று கருதித் தாக்குவதே ஒவ்வாமை. தோலில் தடிப்பும் உதட்டில் வீக்கமும் தோன்றுவதோடு நின்றுவிடலாம். சிலவேளை சில நிமிடங்களுக்குள்ளேயே மூச்சுக்குழல் சுருங்கி, குருதியழுத்தம் வீழ்ந்து, உயிருக்கே இறுதி நேரலாம். இக்கடுநிலையை 1902 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்களான போர்த்தியேயும் ரிஷேயும் விவரித்தனர். அதன் பொருட்டு ரிஷே 1913 இல் நோபெல் பரிசு பெற்றார். ஒவ்வாமையைக் குறிக்கும் 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906 இல் ஆக்கியவர் ஒஸ்திரிய மருத்துவரான வொன் பிர்க்கே. சிறு துணுக்கும் போதும் என்பதே இந்நோயின் கொடுமை. அளவாகத் தின்றால் ஆபத்தில்லை என்னும் நம் பொதுவறிவு இங்கே உதவுவதில்லை.

துணுக்காயிலே இப்படிப்பட்ட பேரனை எதிர்கொள்ளும் அம்மம்மா ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பொருளாதாரத் தடையின் காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் அலைந்தவர் அவர். 2009 இல் கஞ்சிக்கு வரிசையிலே நின்ற தலைமுறையைச் சேர்ந்தவர். உணவு கிடையாமையால் பிள்ளைகள் வாடியதை அவர் கண்டிருக்கிறார். உணவு கிடைத்தமையால் ஒரு பிள்ளை சாகக்கூடும் என்பதோ அவர் வாழ்ந்த வாழ்வுக்குள் அடங்காத செய்தி. மடியிலே முடிந்துவைத்துக் கொடுத்த கச்சானை மகள் பதறிப் பறிக்கும்போது, அதை அவர் நோயின் அச்சமாகக் காண்பதில்லை. தம் கையை ஒதுக்கியதாகவே காண்கிறார். மகளோ தாயின் வாடிய முகத்தையும் பிள்ளையின் மூச்சையும் ஒருங்கே காக்க வேண்டியவளாகிறாள். பத்தாண்டுக்கு ஒருமுறை வாய்க்கும் வருகையிலே இச்சிறு பூசல் பெரும் புண்ணாகிவிடுதல் எளிது.

"சின்னனிலேயே குடுத்துப் பழக்கியிருக்க வேணும்" என்பது இத்தகைய வேளையில் முதியோர் கூறும் வழக்கமான வார்த்தை. அதனை அறியாமை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடல் நேர்மையாகாது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த 640 குழந்தைகளைக் கொண்டு இலண்டனில் நிகழ்ந்து 2015 இல் வெளியான ஆய்வொன்று, முதலாண்டிலேயே கச்சானை உண்ணத் தொடங்கிய குழந்தைகளிடையே, ஐந்து வயதாகும்போது கச்சான் ஒவ்வாமை மிகக் குறைந்திருந்ததைக் காட்டியது. பல்லாண்டுகளாக மேலைநாட்டு மருத்துவர் கூறிவந்த 'தவிர்த்திடுக' என்னும் அறிவுரை இதனால் மாறிற்று. ஆயினும் அம்மம்மாவின் கூற்று வராமற் காப்பதற்கே பொருந்தும். வந்துவிட்ட பிள்ளைக்குப் பொருந்தாது. ஒவ்வாமை உறுதிப்பட்ட பிள்ளைக்குச் சிறிது ஊட்டிப் பழக்க வீட்டிலே முயல்வது உயிரோடு விளையாடுவதாகும். இவ்வேறுபாட்டை அவருக்குப் பொறுமையோடு விளக்கினால், மதிக்கப்பட்டேன் என்ற நிறைவும் அவருக்கு எஞ்சும்.

இனி, திருவிழாக் கடைத்தெருவிலே இப்பிள்ளைக்கு உகந்தது எது என்று நோக்குமிடத்து, முதலிற் குறுக்கிடுவது சொல்லே. கடலை என்றால் ஈழத்தார் கொண்டைக்கடலையைக் கருதுவர். தமிழகத்தாருட் பலர் கச்சானையே கருதுவர். முந்திரி என்று தமிழகத்தார் கூறுவது பருப்பு. முந்திரிகை என்று ஈழத்தார் கூறுவதோ திராட்சை. பருப்பைக் குறிக்க ஈழத்தில் மரமுந்திரிகை என்றோ கஜு என்றோ சொல்லியாக வேண்டும். 'முந்திரிகை மட்டுந்தான் போட்டது' என்று பொங்கற் பானையருகே கேட்கும் விடையைச் சென்னைத் தமிழர் ஒருவகையாகவும் துணுக்காய்த் தமிழர் வேறுவகையாகவும் விளங்கிக்கொள்வர். கச்சான் என்னும் பெயரே மேல்காற்றையும் குறிப்பது. மலாய் மொழியில் பயறு, கடலை இனங்களுக்குக் 'கச்சாங்' என்று பெயர் இருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. தாவரவியலின்படி கச்சான் கொட்டையே அன்று. தென்னமெரிக்காவிற் தோன்றிய அவரையினப் பயிர். ஆகவே பெயரைக் கேட்டு அமையாது, பொருளைக் கண்ணாற் கண்டே துணிய வேண்டும்.

சொல்லுக்கு அடுத்தது தாச்சி. கச்சான் சூடான மணலிலே வறுபடுவது. அதே தாச்சியில், அதே மணலில், கடலையும் சோளனும் வறுபடுகின்றன. ஒரே சுண்டினால் அளந்து, ஒரே கையாற் சுருட்டிக் கொடுக்கின்றனர். எனவே கடலைச் சுருளிலே கச்சான் கண்ணுக்குத் தென்படாவிடினும் அதன் தூள் இருத்தல் கூடும். வறுத்தலினால் கச்சானின் ஒவ்வாமைத் தன்மை மிகுமென்று ஆய்வாளர் கூறுவர்; அதற்காக அவித்த கச்சான் தீங்கற்றதென்று கொள்ளலாகாது. கச்சான் அல்வாவையும் மிக்சரையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தொதலிலும் மஸ்கற்றிலும் கஜு மறைந்திருக்கும். எள்ளுருண்டை சிலருக்குத் தனித்ததோர் ஆபத்து. முறுக்கு மாவிலே குற்றமில்லாதிருப்பினும், அது பொரிந்த எண்ணெயிலே முன்பு எது பொரிந்தது என்பதைக் கேட்டறிய வேண்டும்.

இவ்வளவையும் நீக்கிய பின்னும் பிள்ளைக்கு எஞ்சுவன பல. நுங்கும் இளநீரும் மரத்திலிருந்து நேரே வருவன. தேங்காயைக் கொட்டையினத்திற் சேர்த்து எண்ணும் வழக்கத்தை அமெரிக்க உணவு நிருவாகம் 2025 இல் கைவிட்டது. பெரும்பாலோர்க்கு அது தீங்கற்றது. புழுக்கொடியல் பனங்கிழங்கை அவித்து உலர்த்தியது. தும்பு முட்டாஸ் சீனியும் சாயமுமே. தூவல் இல்லாத ஐஸ்பழமும் அவ்வாறே. பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளிட்ட மோதகத்தை வீட்டிலேயே அவித்துக் கோயிலுக்குக் கொண்டு செல்லலாம். பயறும் கடலையும் கச்சானுக்கு இனமாதலால், அவை தன் பிள்ளைக்கு ஒத்துக்கொள்கின்றனவா என்பதைத் தாய் மருத்துவரிடம் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். வீதியெங்கும் கச்சான் கோது சிதறிக்கிடக்குமாதலின், உண்ணுமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் இன்றியமையாதது; வெறுந்தண்ணீர் போதாது.

மேலைநாடுகள் இக்கவலையை எழுத்தின்வழித் தீர்க்க முயன்றுள்ளன. கனடாவின் ஒன்ராரியோவில் 2003 இல் பதின்மூன்று வயதுச் சிறுமி சப்ரினா ஷனன் பாடசாலையிலே ஒவ்வாமையால் வீழ்ந்து இறந்ததன் விளைவாக, அவள் பெயரால் இயற்றப்பட்ட சட்டம் 2006 இல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்திலே 2016 இல் எள் சேர்ந்த பாணை உண்டு மாண்ட நட்டாஷாவின் பெயரால் அமைந்த சட்டம், கடையிலேயே ஆக்கிப் பொதி செய்யும் உணவுக்கும் உட்பொருட் பட்டியலை 2021 முதற் கட்டாயமாக்கிற்று. டிஸ்னி முதலிய கேளிக்கைப் பூங்காக்களில் ஒவ்வாமையுடையோர்க்கெனத் தனி உணவுப் பட்டியல்களே உள்ளன. துணுக்காய்க் கோயில் வீதியிலே பட்டியல் இல்லை. ஆயின் அங்கே பண்டத்தை வறுத்தவரே விற்பவராகவும் இருக்கிறார். "ஆச்சி, இந்தத் தாச்சியில வேற என்ன வறுக்கிறனீங்கள்?" என்று கேட்டால், மறைக்க அவருக்குக் காரணமில்லை. காரணத்தைச் சொல்லிக் கேட்டால் "பிள்ளைக்கு இது வேண்டாம், மோனை" என்று அவரே தடுக்கவுங்கூடும். கூச்சத்தால் கேளாமல் விடுவதே ஆபத்து.

எத்துணை விழிப்பும் ஒருநாள் தவறலாம். மருத்துவர் குறித்துக் கொடுத்த அட்ரினலின் ஊசி பிள்ளையோடேயே இருத்தல் வேண்டும். மூச்சுத் திணறல் தோன்றியதும் தாமதியாது தொடையின் வெளிப்புறத்தில் ஏற்றுதல் வேண்டும். தடிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை அதற்கு ஈடாகாது. உடனே 1990 என்னும் இலக்கத்தில் சுவசெரிய நோயாளர் வண்டியை அழைக்கலாம். மல்லாவியிலும் மாங்குளத்திலும் வைத்தியசாலைகள் உள்ளன. ஊசி ஏற்றியபின் பிள்ளை தேறிவிட்டதுபோலத் தோன்றினும் அங்கே கொண்டுசென்றே ஆகவேண்டும். அறிகுறிகள் மீண்டும் தலைகாட்டுதல் உண்டு.

விருந்தோம்பலைத் தமிழர் அறமாகப் போற்றுவர். வந்தவர்க்கு எது ஒத்துக்கொள்ளும் என்று முன்னறிந்து இடுவதும் அவ்வறத்தின் கூறேயாகும். நீரிழிவு கண்ட தாத்தாவுக்குச் சீனி போடாத தேநீர் வைக்கும் வீடு இதனைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. துணுக்காய் அம்மம்மா திருவிழாவன்று பேரனின் கையிலே கச்சான் காசை வைக்கட்டும். அப்பெயரை மாற்ற வேண்டிய தேவையில்லை. அக்காசுக்கு நுங்கோ தும்பு முட்டாஸோ வாங்கிக் கொடுக்க அவரே கைப்பிடித்து அழைத்துச் செல்வாராயின், ஒதுக்கப்பட்டேன் என்ற எண்ணம் அவருக்கும் இராது, பிள்ளைக்கும் இராது.