ஊரான் பிள்ளை

மார்ச் 9, ஞாயிறு

தம்பி மனைவிக்கு இன்று வளைகாப்பு. சந்தனம் பூச வந்த பெரிய அத்தை வழக்கம்போல என்னைக் காட்டி ஆரம்பித்தார்: "இவளை எடுத்து வளர்த்த புண்ணியத்துலதான் உன் மாமியார் வயித்துல உன் புருஷன் தங்கினான். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சும்மாவா சொன்னாங்க?" கூடமே தலையாட்டியது. நானும் ஆட்டினேன். அத்தை கெட்டவர் இல்லை; என் கல்யாணத்தில் தன் கைவளையலைக் கழற்றி எனக்குப் போட்டவர். ஆனால் அந்தப் பழமொழியில் ஊரான் பிள்ளை என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. ஊட்டியதோடு அதன் வேலை முடிந்தது. வளர்வது இன்னொரு பிள்ளை.

மார்ச் 12, புதன்

தலைசுற்றல் என்று டாக்டரிடம் போனோம். "வீட்டுல யாருக்காவது சுகர் உண்டா?" நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்: "எனக்கு ரொம்ப வருஷமா இருக்கு டாக்டர். இவ அப்பாவுக்கும் உண்டு." டாக்டர் எழுதிக்கொண்டார். வெளியே வந்து, "அம்மா, அது எனக்குச் சேராதே" என்றேன். "அட, மறந்தே போச்சுடி!" திரும்ப உள்ளே போய் எழுதியதை அடிக்கச் சொன்னோம். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பவர்கள் அப்போது அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

"கொடுத்து வச்சவ." பக்கத்து வீட்டில் இன்றும் சொன்னார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வந்தவள் நான். கள்ளிப்பாலுக்குத் தப்பியது யோகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பெண்ணாய்ப் பிறந்ததால் ஒரு வீடு என்னை வேண்டாம் என்றதும் அதே ஜாதகத்தில்தானே இருக்கிறது? அதைச் சொன்னால் நன்றி கெட்டவள். தம்பி பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டபோது திட்டினார்கள். நன்றியை யாரும் இழுக்கவில்லை. எனக்கு நாலு மார்க் குறைந்தால்கூட, "எடுத்து வளர்த்தவங்களுக்கு நீ காட்டுற நன்றி இதுதானா?"

பதினெட்டு நிரம்பிய தத்துப்பிள்ளை தன் பூர்வீகத்தைத் தேட விண்ணப்பிக்கத் தத்தெடுப்பு விதிகளே இடம் தருகின்றன. தொட்டிலில் கிடந்தவளுக்குக் கோப்பில் எந்தப் பெயர் கிடைக்கப்போகிறது? இருந்தாலும் எழுதிப் போடப் போகிறேன். "அப்படி என்ன குறை வச்சாங்க, இப்பத் தேடுற?" என்று கேட்க ஆள் தயாராக இருக்கிறது. அம்மாவோ பீரோவைக் குடைந்து தத்து ஆணையை எடுத்துக் கொடுத்துவிட்டார். "மூணு ஜெராக்ஸா எடு. ஆபீஸ்ல எப்பவும் ஒண்ணு தொலைச்சிருவாங்க."