நிறங் கூறும் செய்தி

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, இலக்கியப் பொருளொன்றை எடுத்து எழுதுவேனென்றே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியனிடம் வேறெதனை எதிர்பார்ப்பது? ஆயினும், கண்டி நகரைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவனிடம் மழைக்காலந்தோறும் வேறொரு பாடம் வந்து சேர்கின்றது. அது மூன்று நிறங்களால் எழுதப்பட்ட பாடம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையே குறிப்பிடுகின்றேன். மஞ்சள் எனில் விழிப்பாயிருத்தல் வேண்டும். செம்மஞ்சள் எனில் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். சிவப்பு எனில் உடனே வெளியேறுதல் வேண்டும். ஒவ்வொரு நிறத்தின் பின்னும் ஒரு மழையளவு நிற்கின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் முதல் நிலை. 100 மில்லிமீற்றரானால் இரண்டாம் நிலை. 150 மில்லிமீற்றரானாலும், ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் மூன்றாம் நிலை. எங்கெங்கே நிலஞ் சரியக்கூடும் என்பதற்குத் தனியே தேசப்படங்கள் உள. பாறையின் தன்மை, சரிவின் அளவு, மேல்மண், நீரோட்டம், நிலத்தின் உருவம், நிலம் பயன்படும் முறை ஆகியவற்றை ஒன்றன்மேலொன்றாக வைத்துக் கணித்து வரைந்தவை அவை. பத்தாயிரத்துக்கு ஒன்று என்னும் அளவிலான படத்தில் நூறு மீற்றர் நிலம் ஒரு சென்ரிமீற்றருள் அடங்கிவிடும். ஒரு லயம் அதில் எறும்பினும் சிறிதாய்த் தோன்றும். அந்த எறும்பளவு கோட்டினுள்ளே குடும்பங்கள் பல உறங்குகின்றன.

இத்தனை செய்தியையும் சொற்களாற் கூறப் புகுந்தால் நூறு பக்கம் வேண்டும். படம் ஒரே பார்வையிற் கூறிவிடுகின்றது. 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஒரு பகுதியில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தோர் வீடுகளைத் தேசப்படத்திற் சிறு கோடுகளாகக் குறித்தார். கோடுகள் ஒரு குடிநீர்க் குழாயைச் சுற்றி நெருங்கி நின்றன. நோய் நீரினாற் பரவுகின்றது என்று அவர் கூறிவந்ததைக் கண்ணாற் காண்பதற்கு அப்படம் உதவிற்று. இன்று வானத்துச் செய்மதியும், தானே அளந்து அனுப்பும் மழைமானியும், கையடக்கத் தொலைபேசியும் நம்மிடம் உள்ளன. ஸ்நோ இறந்தோரைக் குறித்தார். நாம் இறவாமற் காக்கவேண்டியோரைக் குறிக்கின்றோம். வேறுபாடு பெரிது.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வாச் சூறாவளி நாட்டைத் தாக்கியது. மாண்டோர் 600க்கு மேற்பட்டோர். அவருள் 200க்கு மேற்பட்டோர் எமது கண்டி மாவட்டத்தவர். எச்சரிக்கைகள் சில தமிழிற் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்னும் குறை அப்பொழுது பலராலும் எடுத்துரைக்கப்பட்டது. தமிழ் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் அரசகரும மொழியாயிற்று. சட்டம் முப்பத்தெட்டு ஆண்டுகள் முன்னதாக வந்தும், சொல் மழைக்குப் பின்னால் வந்தது. சிலர், “நிறம் எல்லார்க்கும் பொதுமொழியன்றோ, சொல் எதற்கு?” என்பர். அவ்வாறன்று என்பதை எனது வகுப்பிலேயே கண்டேன்.

எச்சரிக்கைப் படத்தைப் பெரிதாக வரைந்து சுவரில் மாட்டி, ஒவ்வொரு நிறமும் யாது குறிக்கும் என வினவினேன். கலஹாப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், மஞ்சள்னா நல்லதுதானே? கல்யாணப் பத்திரிகையிலகூட மஞ்சள் தடவுறாங்களே” என்றாள். வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நமது வீடுகளிலே மஞ்சளும் குங்குமமும் மங்கலப் பொருள்கள். வீதிச் சமிக்ஞை விளக்கைக் கண்டு பழகிய நகரத்தார்க்கே சிவப்பு நிறம் ‘நில்’ என்னும். அம்மன் கோயிற் கொடியைக் கண்டு வளர்ந்தவர்க்கு அது திருவிழாவைக் கூறும். கண்டியிற் பிறந்து விளக்குச் சந்தியையே கடவாத பாட்டிமார் தோட்டங்களில் இன்றும் பலர்.

இரண்டாம் நிறத்தின் பெயரில் இன்னுமோர் இடர் உண்டு. மஞ்சள், செம்மஞ்சள் என்னும் இரு சொற்களுக்கும் இடையே நிற்பது ‘செம்’ என்னும் ஓர் அடையே. கண்ணுக்கு வேறுபாடு தெளிவு. ஒலிபெருக்கியில், மழையிரைச்சலிடையே, முதலசை காற்றோடு போய்விட்டால் எஞ்சுவது மஞ்சள்தான். ‘ஆயத்தமாகு’ என்ற கட்டளை ‘விழித்திரு’ என்று மாறிவிடும். ஆங்கிலச் சொல்லையே எடுத்து ‘அம்பர்’ என்போரும் உளர். நமது அகராதியில் அது வாசனைப் பொருளொன்றின் பெயர்! ஆகவே நிறத்தோடு ஒன்று, இரண்டு, மூன்று என்னும் எண்ணையுஞ் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. எண்ணைத் தவறாகக் கேட்டல் அரிது. நிறங்களைப் பிரித்தறிய இயலாத கண்ணுடையார்க்கும் அது துணையாகும்.

கொட்டகலை ஆசிரிய கலாசாலையில் நான் பயிற்சி பெற்ற காலத்திற் கற்பித்தற் சாதனங்கள் செய்யக் கற்றோம். பின்வாங்கில் இருப்பவன் வாசிக்க முடியாத படம் படமன்று என்பது அங்கே முதற் பாடம். தொலைபேசியில் வரும் எச்சரிக்கைப் படங்களைப் பார்க்குந்தோறும் அப்பாடம் நினைவுக்கு வருகின்றது. மேசைக் கணினியில் அழகாய்த் தோன்றும் தேசப்படம் உள்ளங்கையளவு திரையில் வெறும் நிறத் திட்டாகிவிடுகின்றது. பிரதேசத்தின் பெயரைக் காணோம். அன்றியும், எச்சரிக்கை பெரும்பாலும் ஒரு நாளைக்கே உரியது. நேற்றைய சிவப்பை இன்றைக்கு ஒருவர் அன்போடு மற்றொருவர்க்கு அனுப்புவர். நாளும் நேரமும் படத்தினுள்ளேயே பெரிய எழுத்தில் இல்லையாயின், எது பழையது எது புதியது என்று யார் அறிவார்? இரண்டு முறை வீணே ஓடியவன் மூன்றாம் முறை எழுந்திருக்கமாட்டான்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு மாணவர்கள் பிரிஸ்டல் அட்டையிற் புதிய படமொன்று வரைந்தனர். மஞ்சளுக்கு விழித்த கண் ஒன்று; செம்மஞ்சளுக்குக் கட்டிவைத்த மூட்டை; சிவப்புக்குப் பிள்ளையைத் தோளிற் சுமந்து நடக்கும் தாய். பக்கத்தே எண்; கீழே இரண்டே சொற்களாற் கட்டளை. வாய் நேரான பாத்திரமொன்றை வெளியில் வைத்து, உட்புறத்தே மூன்று கோடு கீறி மழையை அளக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டனர். அதன் பிரதியொன்றை அம்மாணவி தன் தோட்டத்துக்குக் கொண்டு சென்றாள்.

அவளுடைய தாத்தா அதைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாராம்: “ராத்திரி கரண்டு போனா இந்தக் கலரு தெரியுமா?” முன்னாளிற் பெரட்டுக்கு ஆள் எழுப்பத் தப்படித்தவர் அவர். அக்கேள்விக்கு வகுப்பில் எவரிடமும் மறுமொழி இல்லை. இறுதியில் அவரே வழி கூறியனுப்பினார்: முதல் நிலைக்கு ஓரடி, இரண்டாம் நிலைக்கு ஈரடி, மூன்றாம் நிலைக்கு விடாது அடித்தல். பிள்ளைகள் படத்தின் ஓரத்தில் ஒரு தப்பையும் வரைந்துவிட்டனர்.

விடாது அடிக்குங்கால் எங்கே சென்று கூடுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. எல்லாரும் கோயில் மண்டபத்தையே சொல்லுகின்றனர். தேசப்படத்தை விரித்துப் பார்த்தோம். மண்டபமும் லயமிருக்கும் அதே நிறத்தினுள்ளேயே இருக்கின்றது.