அன்றைக்கே எழுதிய காகிதம்

"நான் ஒரு தப்பும் பண்ணல சார், எனக்கு என்ன பயம்?"

பொய் வழக்கில் பெயர் சேர்ந்தவர்கள் கோவில்பட்டி கோர்ட்டில் என்னிடம் முதலில் சொல்வது இதுதான். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த நம்பிக்கையில் சும்மா இருந்துவிடுகிற முதல் சில நாட்களில்தான் அவர்களைக் காப்பாற்றக்கூடிய சாட்சியங்கள் ஒவ்வொன்றாக அழிந்துபோகின்றன. உண்மை தன் காலால் நடந்து கோர்ட்டுக்கு வராது. சம்பவம் நடந்த அன்றைக்கே, இரண்டு பக்கமும் சேராத ஒருவர் எழுதிவைத்த காகிதம்தான் அதை அழைத்து வரும். கரிசல் மண்ணில் குற்றவியல் வழக்கு நடத்திவரும் எனக்கு இந்தத் தொழில் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

எங்கள் பக்கத்துத் தகராறுகளில் பாதி மண்ணில் முளைப்பவை. மழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கிற மானாவாரிக் காட்டில் வரப்பு ஒரு முழம் நகர்ந்தால் போதும், வண்டிப்பாதையை மறித்து ஒரு சால் உழுதால் போதும், கைகலப்பு வந்துவிடும். அடித்தவர்கள் இரண்டு பேராக இருப்பார்கள். புகாரில் ஏழு பேர் இருப்பார்கள். வழக்குக்குப் பணம் புரட்டக்கூடிய அண்ணன், அரசு வேலைக்குத் தேர்வு எழுதியிருக்கும் மகன், கோர்ட்டு விவரம் தெரிந்த மாமன் என்று தேடிப் பிடித்து எழுதியிருப்பார்கள். 'ஆளைச் சேர்த்துவிடுவது' என்று ஊரில் இதற்குப் பெயர். சண்டை நடந்தது உண்மை, காயம் உண்மை, சேர்த்த பெயர்கள் மட்டும் பொய். முழுப் பொய்யை உடைப்பதைவிட, உண்மையோடு பிசைந்த இந்தப் பொய்யைப் பிரித்தெடுப்பது கடினம்.

அப்படிப்பட்ட வழக்கு வந்தால் நான் முதலில் தேடுவது சட்டப் புத்தகத்தை அல்ல, 'ஏ.ஆர். காப்பி'யை. காயத்தோடு அரசு மருத்துவமனைக்கு வருகிறவரிடம் கேட்டு மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல் அது. எத்தனை பேர் அடித்தார்கள், தெரிந்தவர்களா, எதனால் அடித்தார்கள், எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கும். பெரும்பாலும் பிறர் யோசனை சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் வாயில் வந்த முதல் வார்த்தை அது. அதில் 'தெரிந்த இரண்டு பேர், கம்பு' என்றிருந்து, முதல் தகவல் அறிக்கையில் 'ஏழு பேர், அரிவாள்' என்று வந்தால், ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஐந்து பெயர்கள் எப்படி ஏறின என்று சாட்சியைக் கேட்கலாம். அடுத்து, முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட் கைக்குப் போன தேதியையும் மணியையும் பார்ப்பேன். தாமதமின்றிப் போயிருக்க வேண்டிய அறிக்கை மறுநாள் மாலையில் போயிருந்தால், அந்தத் தாமதத்துக்குப் போலீஸ் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

உங்களுக்கும் காயம் பட்டிருந்தால், சின்னக் காயம்தானே என்று மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் உங்கள் பெயரிலும் ஓர் ஏ.ஆர். பதிவாகச் செய்யுங்கள். இரு தரப்பும் புகார் கொடுத்தால், இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, யார் வலியச் சண்டைக்குப் போனவர் என்று கண்டறிய வேண்டும். 588-ஏ என்ற பழைய எண்ணால் வழக்கறிஞர்கள் இன்றும் சொல்லும் காவல் நிலை ஆணை அதற்காகத்தான் இருக்கிறது.

சம்பவ இடத்திலேயே இல்லாதவருக்கு வேலை இன்னும் அவசரமானது. ஒரு வழக்கில், சண்டை நடந்த நேரத்தில் விருதுநகருக்கு உளுந்து ஏற்றிக்கொண்டு போன இளைஞர் ஒருவரை ஐந்தாவது எதிரியாகச் சேர்த்திருந்தார்கள். எட்டூர்வட்டம் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கில் பணம் கழிந்த நேரமும், மண்டியின் எடைச்சீட்டும், அந்தக் கடைக் கேமராவில் அவர் முகமும் ஒன்றுக்கொன்று பொருந்தின. சுங்கச் சீட்டு மட்டும் போதாது. வண்டி போனதைத்தான் அது சொல்லும், ஓட்டியது யார் என்று சொல்லாது. தீப்பெட்டி ஆலையின் வருகைப் பதிவேடு, நூறு நாள் வேலைத் தளத்தில் கைபேசியில் எடுத்த வருகைப் படம், ரேஷன் கடையில் விரல் வைத்த நேரம் என்று ஏழைக்கும் இன்று தடயம் உண்டு. கடைக் கேமராவில் பழைய பதிவின்மேல் புதியது ஏறச் சில வாரங்களே ஆகும். அதனால் அந்தப் பதிவைக் கைப்பற்றச் சொல்லி இன்ஸ்பெக்டருக்கும் எஸ்.பி.க்கும் உடனே ஒப்புகையோடு தபாலில் மனு அனுப்பிவிடுவேன். பதிவு கிடைக்காமல் போனாலும், 'நான் அங்கே இல்லை' என்று முதல் வாரத்திலேயே சொன்னதற்கு அந்த மனு சாட்சி. விசாரணை முடியும் தறுவாயில் முதன்முதலாகச் சொன்னால் எந்த நீதிபதியும் நம்பத் தயங்குவார். பதிவு கிடைத்தால் நகல் மட்டும் போதாது. பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-வது பிரிவின்படி சான்றும் வேண்டும்.

புகார் எழுதும் கையே பொய் எழுதினால் என்ன ஆகும் என்பதை எங்கள் மாவட்டம் பார்த்திருக்கிறது. 2020 ஜூன் 19-இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸார் கைது செய்தார்கள். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள், தரையில் புரண்டதில் காயம்பட்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட இருவரில் மகன் 22-ஆம் தேதி இரவும், தந்தை 23-ஆம் தேதி காலையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். கடைப் பக்கத்துக் கேமரா அந்த அறிக்கையில் சொன்ன காட்சியைக் காட்டவில்லை. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய கோவில்பட்டி மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு அறிக்கை கொடுத்தார். உள்ளே நடந்ததைத் தலைமைக் காவலர் ரேவதி துணிந்து சொன்னார். பக்கம் சாராத ஒரு கேமராவும், அஞ்சாமல் சாட்சி சொன்ன ஒரு பெண்ணும் அந்தப் பொய்யை உடைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 2-இல் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம் பாதுகாக்க உத்தரவிட்டது. அந்தப் பதிவைக் கேட்டு மனுப் போடுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால் ஓடி ஒளியாதீர்கள். அழைப்பை எழுத்தில் கேளுங்கள். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது தேவையில்லாதபோது நோட்டீஸ் கொடுத்துத்தான் விசாரிக்க வேண்டும் என்பதை 2014-இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு அழுத்திச் சொன்னது. இன்று அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 35-வது பிரிவில் இருக்கிறது. நோட்டீஸுக்கு உட்பட்டு ஆஜராகுங்கள். நீங்கள் மனுக் கொடுத்தால், அது பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். கைது நடக்கும் என்று தோன்றினால் முன்ஜாமீனுக்கு முந்துங்கள். ரிமாண்டுக்கு அழைத்துப்போகும்போது, அடிபட்டிருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொல்லுங்கள். புகார் கொடுத்தவரைப் போனில் கூப்பிட்டுக் கெஞ்சவோ மிரட்டவோ வேண்டாம். அந்த ஒரு அழைப்பே இரண்டாவது வழக்காகிவிடும். வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

இன்னொரு கண்ணி வெற்றுக் காசோலை. அவசரக் கடனுக்கு எழுதாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர்மேல், கடன் அடைந்த பிறகும் பெரிய தொகை எழுதிச் செக் மோசடி வழக்கு வருகிறது. கையெழுத்து உங்களுடையது என்றால், மற்றதை யார் நிரப்பியிருந்தாலும் சட்டத்தின் அனுமானம் உங்களுக்கு எதிராகவே நிற்கும் என்று 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் வக்கீல் நோட்டீஸ் வந்ததும் பதில் அனுப்புங்கள். வட்டியை வங்கி வழியாகக் கட்டுங்கள். கடன் முடிந்த அன்றே காசோலையைத் திரும்பக் கேளுங்கள், தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

விடுதலையானதும் பலர் 'பொய்ப் புகார் கொடுத்தவனை உள்ளே தள்ளுங்கள்' என்பார்கள். பாரதிய நியாய சன்ஹிதா 248-இல் அதற்கு ஐந்து ஆண்டு வரை, கடுமையான குற்றத்தைச் சுமத்தியிருந்தால் பத்து ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் குற்றம் நிரூபணமாகவில்லை என்பது வேறு, புகாரே பொய் என்பது வேறு. சாட்சி பயந்து பிறழ்ந்ததால் விழுந்த வழக்குகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அடிபட்ட கூலிக்காரரும், வீட்டுக்குள் வதைபட்ட பெண்ணும், சாதியின் பெயரால் அவமானப்பட்டவரும் கொடுக்கும் புகாரை எடுத்த எடுப்பில் பொய் என்று சொல்லும் வழக்கறிஞர், உண்மையாகவே பொய் வழக்கில் சிக்கியவருக்கும் கேடு செய்கிறார். பொய்யை உடைக்கப் பொய்ச் சாட்சி ஏற்பாடு செய்யச் சொல்லும் கட்சிக்காரரின் வழக்குக் கட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கோர்ட்டு வாசலை மிதிக்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலத்தை அளந்து பட்டாவும் வரைபடமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மிரட்டல் வந்த அன்றைக்கே மனுவாக எழுதிக் கொடுத்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் பெயரைப் பொய்யாகச் சேர்க்கச் சொல்லி உங்களிடம் யாராவது வந்தால், மாட்டேன் என்று சொல்லுங்கள்.