தியத்தலாவையில் ஒரு வாக்குரிமைப் போர்

பதுளை சென். மார்க்ஸ் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் பிரிட்டிஷ் அதிகாரி மேஜர் ரோஜர்ஸ் சுட்ட யானைகளின் கணக்கைத்தான் கேட்கிறார்கள். ஆயிரத்துக்கு மேல். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். யானைகளின் பாவம் சும்மா விடவில்லை என்பது ஊர்ப்பேச்சு. அவர் நினைவாகவே கோயில் கட்டினார்கள். எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய பிரியம் இல்லை. நான் தேடி வந்தது, பிழைக்கப் போன இடத்தில் துப்பாக்கி தூக்கி, இந்த மலையில் வந்து செத்த பையன்களை.

உறவில் மாமா முறையான ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் கூட வந்தார். பதுளையிலிருந்து தியத்தலாவைக்குக் கிளம்பிய காலைக் கோச்சி தெமோதரை நிலையத்துக்கு அடியில் சுரங்கத்தில் புகுந்து, மலையைச் சுற்றி ஏறி, அதே நிலையத்தில் வந்து நின்றது. எல்லயில் ஏறிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாசற்படியில் தொங்கிப் படம் எடுத்தார்கள். தேயிலை மட்டும் படத்தில் விழும்படி பார்த்துக்கொண்டார்கள், லயங்கள் அல்ல.

இந்தப் பாதை 1894இல் பண்டாரவளை வரை வந்துவிட்டது. அதனால்தான் 1900 ஆகஸ்டில் தென்னாபிரிக்காவில் பிரிட்டிஷாரோடு போரிட்டுப் பிடிபட்டுக் கப்பலில் வந்த போயர் கைதிகளைத் தியத்தலாவைக்கு ரயிலிலேயே ஏற்றிவர முடிந்தது. தகரக் கொட்டகைகள், சுற்றிலும் முள்கம்பி. தீவின் எல்லா முகாம்களிலுமாக ஏறத்தாழ ஐயாயிரம் பேர். கிழவர்களும் உண்டு, மீசை முளைக்காதவர்களும் உண்டு. குண்டுக்குத் தப்பி வந்தவர்களை இங்கே நெருப்புக் காய்ச்சலும் சின்னமுத்தும் கொண்டுபோயின. இன்றும் இராணுவ ஊரான தியத்தலாவையில் அவர்களுக்குப் பெயர் பொறித்த நினைவுத்தூண் இருக்கிறது.

கைதிகள் எல்லாரும் போயர்கள் அல்ல. ஜெர்மானியரும் ஒல்லாந்தரும் இன்னும் பல நாட்டாரும் கலந்திருந்தார்கள். தங்கச் சுரங்கம் திறந்ததும் போயர்களின் நாடான டிரான்ஸ்வாலுக்குப் பிழைக்கப் போனவர்கள் பலர். போர் வந்ததும் அவர்களில் சிலர் போயர்களோடு நின்றார்கள். நான் தேடி வந்த வந்தேறிப் படைவீரர்கள் இவர்கள்தான்.

அந்தப் போருக்குச் சொல்லப்பட்ட காரணம்தான் என்னை இங்கே இழுத்து வந்தது. டிரான்ஸ்வாலில் குடியேறிய வெளிநாட்டார் வாக்களிக்கப் பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றார் அதன் அதிபர் குரூகர். ஐந்தாண்டு போதும் என்று 1899 ஜூனில் புளூம்பொன்டைன் பேச்சுவார்த்தையில் அடம்பிடித்தார் பிரிட்டிஷ் ஆளுநர் மில்னர். தங்கம் மண்ணுக்குள் இருந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனாலும் மேடையில் பேசப்பட்டது வந்தேறிகளின் வாக்குரிமை. 1900 தொடக்கத்தில் இலங்கைத் தோட்டத் துரைமாரும் அந்தப் போருக்குத் தொண்டர் படையாகக் கப்பலேறினார்கள். அவர்கள் விட்டுப்போன தோட்டங்களில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த வந்தேறிகளுக்கு அன்று எந்த வாக்கும் கிடையாது. அதற்காக எவரும் படை திரட்டவுமில்லை.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா தம்பி, எதிரியா இருந்தும் பேரை எழுதி வச்சிருக்காங்களே. நம்ம ஆளு செத்தா மறுநாளே செக்ரோல்ல பேரை வெட்டிருவாங்க."

வெட்டியது தோட்டம் மட்டுமில்லை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்தபோது தோட்டத் தமிழரான எங்களில் ஒரு பகுதியினருக்கு வாக்குக் கிடைத்தது. 1947 தேர்தலில் எங்கள் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே எங்களிடமிருந்து குடியுரிமையைப் பறித்த குடியுரிமைச் சட்டம். 1949இல் வாக்கும் போனது. குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர 2003 வரை ஆயிற்று. பதினான்கு ஆண்டு என்ற குரூகரைக் கொடுங்கோலன் என்று சொன்ன பேரரசின் கணக்கில் இது எத்தனை போருக்குச் சமம் என்று தெரியவில்லை.

போயர் போர் 1902இல் முடிந்ததும், பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால் ஊர் திரும்பலாம் என்றார்கள். பெரும்பாலோர் செய்துவிட்டுக் கப்பலேறினார்கள். ஏங்கல்பிரெக்ட் என்ற போயர் கடைசிவரை மறுத்து, இலங்கையிலேயே தங்கிவிட்டார். பிற்பாடு அரசாங்கமே அவரை யால சரணாலயத்தின் முதல் வனவிலங்குக் காவலராக நியமித்தது. கேட்டுவிட்டு மாமா சிரித்தார். பிரமாணம் செய்யமாட்டேன் என்றவனுக்கு உத்தியோகம். எந்தப் பிரமாணத்துக்கும் தயாராக இருந்த அவருடைய அண்ணனுக்கு, இந்தியாவுடன் செய்த 1964 ஒப்பந்தத்தின் பெயரில் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் டிக்கெட்.