டம்போலா சீட்டில் விட்டுப்போன 88

1995 தீபாவளிக்கு ஃபரீதாபாத் கம்பெனி ஒன்றில் விருந்து. கணக்குப் பிரிவில் சேர்ந்து நான்கு மாதமே ஆன தஞ்சாவூர்க்காரருக்கு அப்போது 26 வயது. சமோசா முடிந்ததும் அந்தாக்ஷரி ஆரம்பமாயிற்று. ஜீ டிவியில் 1993-ல் தொடங்கிய நிகழ்ச்சியின் புண்ணியத்தில் அந்த நாட்களில் வட இந்தியாவில் நான்கு பேர் கூடினால் அந்தாக்ஷரிதான். அவர் முறை வந்தபோது எழுத்து 'ஹ'. தெரிந்த இரண்டு ஹிந்திப் பாட்டுகளும் வேறு எழுத்தில் தொடங்கின. மைக் முகத்துக்கு முன்னால் நீண்டது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, எப்படியோ ஒரு தமிழ்ப் பாட்டை எடுத்து விட்டார். கூடம் அதிர்ந்தது. கைதட்டலால் அல்ல.

"ஒன்றும் இல்லை, விளையாட்டுதானே" என்று ஜெனரல் மேனேஜர் தோளைத் தட்டினார். அடுத்த நான்கு தீபாவளிகளுக்கும் தவறாமல் அவருக்குக் காய்ச்சல் வந்தது.

ஐந்தாம் வருடம் கூப்பிட்டது டம்போலா. சிலர் ஹவுஸி என்பார்கள். பிரிட்டிஷ் ராணுவமும் கடற்படையும் பொழுதுபோக்க ஆடிய ஆட்டம். மெஸ்ஸிலிருந்து கிளப்புக்கும், கிளப்பிலிருந்து கம்பெனிப் புல்வெளிக்கும் வந்து சேர்ந்தது. 1 முதல் 90 வரை எண்கள். சீட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்தாக 15 எண்கள். கூப்பிடும் எண் இருந்தால் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பாட வேண்டாம், ஆட வேண்டாம், எழுந்து நிற்கக்கூட வேண்டாம். முதல் ஐந்து எண்களை அடித்தவருக்கு 'ஜல்தி ஃபைவ்' பரிசு, 15-ம் அடித்தவருக்கு 'ஃபுல் ஹவுஸ்'. மேனேஜிங் டைரக்டரின் சீட்டும் வாசல் காவலாளியின் சீட்டும் ஒரே காகிதம். கணக்கருக்கு இந்தச் சமத்துவம் பிடித்துப் போனது. 2020 ஊரடங்கில் ஜூம் திரையில் ஆடியபோதுகூட, சீட்டை வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போதெல்லாம் விழா நடத்த வெளியாட்கள் வருகிறார்கள். 2023 டிசம்பர் குடும்ப விழாவுக்கு வந்த தொகுப்பாளர் இளைஞர், வாய்ச்சாலகர். யாரையாவது மேடைக்கு இழுத்து மனைவியிடம் காதலைச் சொல்லச் சொல்வதுதான் அவருக்குத் தெரிந்த 'ஐஸ் பிரேக்கர்'. விழாக் குழுவில் இருந்த கணக்கர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். பெயர் சொல்லி யாரையும் மேடைக்கு அழைக்கக் கூடாது. டிரைவர்கள், கேன்டீன் பையன்கள் உள்பட எல்லோருக்கும் டம்போலா சீட்டு. மனிதவளப் பிரிவுப் பெண் அதிகாரி சற்று யோசித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். மூன்றாவதாக ஒரு நிபந்தனை இருந்திருக்க வேண்டும் என்பது அன்று மாலைதான் தெரிந்தது.

எண்களைக் காட்ட வேண்டிய திரை வேலை செய்யவில்லை. தொகுப்பாளர் கவலைப்படவில்லை. அவரிடம் குரல் இருந்தது, பழைய கிளப் வேடிக்கைகள் இருந்தன. 11 வந்தால் 'லெக்ஸ் லெவன்'. 22 வந்தால் 'டூ லிட்டில் டக்ஸ்'. 88-க்கு, அந்த எட்டுகளின் உருவத்தைப் பார்த்து எவனோ ஒரு வெள்ளைக்காரன் வைத்த 'டூ ஃபேட் லேடீஸ்'. முன்வரிசை சிரித்தது. பருமனான இரண்டொரு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள், வேறு என்ன செய்வது? கணக்கர் பழக்கதோஷத்தில் கூப்பிட்ட எண்களை வரிசையாக ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தார். வாங்கும் பிரிவு மேலாளர் ஃபுல் ஹவுஸ் என்று கை தூக்க, சரிபார்த்து மைக்ரோவேவ் அடுப்பைக் கொடுத்துவிட்டார்கள்.

சாப்பாட்டு வரிசையில் ஒரு சிறுமி அவரிடம் வந்தாள். கம்பெனி டிரைவரின் மகள், ஏழாவது படிக்கிறாள். "அங்கிள், டூ ஃபேட் லேடீஸ் என்றால் எத்தனை?"

சீட்டை வாங்கிப் பார்த்தார். 14 எண்கள் அடிக்கப்பட்டிருந்தன. மிச்சம் 88. தன் தாளை எடுத்து ஒத்துப் பார்த்தார். மற்ற 14-ம் 88-க்கு முன்பே வந்தவை. 88-க்குப் பிறகு மூன்று எண்கள் கூப்பிட்டபின்தான் மேலாளர் கை தூக்கியிருந்தார்.

மனிதவள அதிகாரியிடம் போனார். "அடுத்த எண் கூப்பிடுமுன் கிளெய்ம் செய்ய வேண்டும் சார், ரூல் அப்படி" என்றார் அவர். ரூல் அப்படித்தான். 28 வருடம் ரூல் பேசியே சம்பளம் வாங்கியவரால் அதை மறுக்க முடியவில்லை. 'அட்டாஸி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டிரைவர் எழுந்து நின்றிருப்பார். ஜோக் என்று நினைத்து அடுத்த எண்ணுக்குக் காத்திருந்திருக்கிறார். பரிசு பெற்றவர் மீதும் குற்றம் இல்லை.

டிரைவரிடம் விஷயத்தைச் சொல்லி, மன்னிப்புப் போல ஏதோ முனகினார். டிரைவர் மகளின் தட்டில் குலாப் ஜாமூன் வைத்துக்கொண்டே சிரித்தார். "விடுங்கள் சாப். விளையாட்டுதானே."

1995-ல் கேட்ட அதே வார்த்தை. அன்று சொன்னவர் ஜெயித்த பக்கம் இருந்தார்.

2024 டிசம்பரில் வெளியாள் வைக்கவில்லை. எண் பையைக் கணக்கரே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு எண்ணையும் ஆங்கிலத்தில் ஒருமுறை, ஹிந்தியில் ஒருமுறை. பிறகு கரும்பலகையில் பெரிதாக எழுதினார். ஆட்டம் மெதுவாகத்தான் நகர்ந்தது, இளைஞர்கள் சிலர் கொட்டாவி விட்டார்கள். ஹிந்தி எண்கள் அவருக்கு இன்றும் தகராறு. 59 உன்ஸட், 69 உன்ஹத்தர், 79 உன்யாஸி. ஆங்கில மீடியத்தில் படித்த டெல்லிப் பிள்ளைகளே அதில் தடுக்கி விழுகிறார்கள். 79 வந்தபோது "செவன்டி நைன்... உன்ஹத்தர்" என்றார்.

"உன்யாஸி, அங்கிள்!" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் கத்தியது. போன வருடத்துச் சிறுமி. கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே அவளை அழைத்துப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார். வர இஷ்டமா என்று முதலில் கேட்டுக்கொண்டுதான். அதற்குப் பிறகு ஹிந்தி எண்களை அவள் சொன்னாள்.