கோபுரத்து மஞ்சள்

சாரத்தில் ஏறும் முன் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் இறுக்கிய சாரம். மூன்றாம் நிலைக்குப் போனபோது எனக்குக் கால் நடுங்கியது. மேலேயிருந்து மஞ்சளும் நீலமுமாகப் பொடி உதிர்ந்து சட்டையெல்லாம் படிந்தது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே ஒரு சிற்றூர்; ஐந்து நிலைக் கோபுரம். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை வரும் குடமுழுக்குக்காகச் சுதைச் சிற்பங்களின் பழைய வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் தின்னர் வாடையைப் பற்றி எழுதத்தான் போயிருந்தேன். அவர்களும் அதைத்தான் முதலில் சொன்னார்கள். "தின்னர் கலக்குற நாள்ல ராத்திரி சோறு இறங்காது சார், தலை கிண்ணுன்னு இருக்கும்" என்றார் ஓர் இளைஞர். முகத்தில் ஈரத் துண்டு கட்டியிருந்தார். ஈரத் துணி தூசியில் கொஞ்சத்தைத் தடுக்கும். தின்னரில் உள்ள டொலுவீன், சைலீன் போன்றவற்றின் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி அடைத்த முகமூடி வேண்டும். வேலை முடிந்ததும் அதே தின்னரில்தான் கையையும் கழுவுகிறார்கள். மூக்கால் போனது போக, மிச்சம் தோல் வழியாகப் போகிறது.

ஆனாலும் தின்னர் யோக்கியமான எதிரி. வாடையடித்து எச்சரித்துவிடுகிறது. காலடியில் கிடந்த தூசிக்கு வாடையே இல்லை.

குழுவில் மூத்தவர் உதிர்ந்த சில்லு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விளிம்பைப் பார்த்தால் ஏடு ஏடாக வண்ணம்: மேலே ஆகாய நீலம், அதன் கீழ் ரோஸ், அடியில் கெட்டியான மஞ்சள். "ஒவ்வொண்ணும் ஒரு கும்பாபிஷேகம் தம்பி. அடியில இருக்கே மஞ்சள், அது எங்கப்பா அடிச்சது" என்றார். சொன்னபோது முகத்தில் ஒரு பெருமை. அந்தக் காலத்து எனாமல் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறத்தைத் தந்தது பெரும்பாலும் ஈயக் குரோமேட். வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் விற்கும் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016இல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் முதல் அது நடப்புக்கு வந்தது. விதி பேசுவது கடைக்கு வரும் டப்பாவைப் பற்றி. கோபுரத்தில் ஏற்கெனவே ஏறிவிட்ட மஞ்சளை அது என்ன செய்யும்?

உள்ளே போன ஈயம் கால்சியத்தின் வேடத்தில் எலும்பில் குடியேறி, பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கும். வயிற்றுப் பிடிப்பு, மலச்சிக்கல், சோகை, முற்றினால் மணிக்கட்டு தொங்கிப்போவது என்று மெதுவாகத்தான் தலைகாட்டும். பெரியவருக்கும் பல வருடமாக வயிற்றுப் பிடிப்பு உண்டு; இஞ்சிச் சாற்றில் ஓட்டுகிறார். அது ஈயத்தால்தான் என்று நான் சொல்ல முடியாது. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று அவருக்கு யாரும் இதுவரை பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"சாயங்காலம் ரெண்டு வாழைப்பழம், ஒரு துண்டு வெல்லம். எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுப் போயிரும்" என்றார். இழுத்துப் போகாது. ஆனால் ஒன்று: காலி வயிறு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும், நிறைந்த வயிறு குறைவாக உறிஞ்சும். சிலைக்குக் கண் எழுதும் நாளில் பெரியவர் விரதம் இருப்பார். அன்றுதான் ஜீரோ நம்பர் பிரஷ்ஷின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவார். அமெரிக்காவில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் தீட்டிய பெண்களையும் இதே உதட்டுப் பழக்கம்தான் கொன்றது. 1920களில் அது நீதிமன்றம் வரை போனது.

"அந்தக் காலத்துல இயற்கைக் கலர், ஒண்ணும் பண்ணாது" என்று கீழே டீக்கடையில் ஒருவர் சொன்னார். ஊருக்கு ஊர் இதைக் கேட்கிறேன். மஞ்சள் அரிதாரம் ஆர்சனிக். சாதிலிங்கச் சிவப்பு பாதரசம். செந்தூர நிறத்துக்கு ஈயச் செந்தூரம். மண்ணிலிருந்து வந்ததெல்லாம் சாது என்று யார் சொன்னது? இத்தாலிய மருத்துவர் ரமாட்சினி 1700இல் தொழில்நோய்களைப் பற்றி எழுதிய நூலில், தான் அறிந்த ஓவியர்கள் அநேகமாக எல்லோருமே நோயாளிகள் என்று வருந்தி, அவர்கள் புழங்கும் வண்ணங்களையே குற்றம் சொன்னார். அவர்கள் தீட்டியதும் 'இயற்கைக் கலர்'தான்.

ஈரப்படுத்திச் சுரண்டினால் தூசி அவ்வளவாகப் பறக்காது. இது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. "நனைச்சா காயணும், காஞ்சாத்தான் ப்ரைமர். முகூர்த்தம் குறிச்சாச்சே" என்றார் இளைஞர். நாள் குறிப்பவர் பஞ்சாங்கம் பார்க்கிறார்; சுதை காயும் நேரம் பஞ்சாங்கத்தில் இல்லை.

சட்டமும் இவர்களிடம் வந்து தடுக்கி விழுகிறது. தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டம் ஈயத்தால் வரும் நோயைத் தொழில்நோயாகவே ஏற்கிறது. ஆனால் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். இவர்கள் மூன்று மாதம் இந்தக் கோயில், இரண்டு மாதம் வேறு காண்ட்ராக்டரிடம் வேறு கோயில்.

மதியம் பெரியவர் தோளில் கிடந்த துண்டை உதறிச் சாரத்துப் பலகையில் விரித்து, அதன்மேல் தூக்குவாளியைத் திறந்தார். அதே துண்டு மாலையில் வீட்டுக்குப் போகும். பேத்திக்கு மூன்று வயது. தாத்தா வந்ததும் தோளில் ஏறுவாளாம். பெரியவர்களைவிடக் குழந்தைகள் ஈயத்தைப் பல மடங்கு உறிஞ்சுகிறார்கள். அது அவர்களின் மூளை வளர்ச்சியைத்தான் பாதிக்கும். இதைச் சொன்னபோதுதான் பெரியவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

உங்கள் ஊரில் திருப்பணி நடந்தால், யாகசாலைக்கும் பூவுக்கும் எழுதும் எஸ்டிமேட்டில் இன்னும் நான்கைந்து வரி சேருங்கள்: சுரண்டும் வேலைக்குத் தண்ணீரும் காயக் கூடுதலாக ஒரு வாரமும், ஆளுக்கொரு முகமூடி, சோப்பு, வேலைக்கென்று கோயிலிலேயே விட்டுப்போக ஒரு சட்டையும் துண்டும். உதிர்ந்த பொடியைச் சாக்கில் கட்டுங்கள்; திருக்குளத்தில் கொட்ட விடாதீர்கள்.